தொண்ணூறு குடம் வெந்நீர்

1

எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருப்பதை ஓராண்டாக நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

பொய் என்று எதுவும் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் தோட்டத்தைக் காட்டும்போது, கைப்பேசியை ஆப்பிள் மரத்திலிருந்து வேலிப் பக்கம் சற்று வேகமாகத் திருப்புவேன், அவ்வளவுதான். ஒருமுறை அப்பா, “அது என்னம்மா, நடுவுல பச்சையா கட்டில் மாதிரி?” என்று கேட்டுவிட்டார். “பழைய சாமான்பா. முன்ன இருந்தவங்க போட்டுட்டுப் போனது” என்றேன். அதுவும் பொய்யில்லை.

கனடாவின் ரெஜைனா நகரில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இந்த ஆகஸ்டோடு ஓராண்டு நிறைந்தது. வீட்டோடு சேர்ந்து வந்ததுதான் அந்தத் தொட்டி. இங்கே இதை ஹாட் டப் என்கிறார்கள். ஆறு பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்காரலாம். அடியில் மோட்டார், ஹீட்டர், பக்கவாட்டில் நீர் பீய்ச்சும் துளைகள். குளித்து முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவதில்லை. அதே தண்ணீர் மூன்று மாதம் வடிகட்டி வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கெட்டுப் போகாமல் மருந்து போட்டுக் காப்பாற்ற வேண்டும். எங்கள் தொட்டி ஆயிரத்து முந்நூறு லிட்டர் பிடிக்கும். நான் எதையும் குடத்தில் கணக்குப் போட்டுப் பழகியவள். ஏறக்குறைய தொண்ணூறு குடம்.

இதை எப்படி அம்மாவிடம் சொல்வது? கோவில்பட்டியில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் இன்றும் தினமும் வருவதில்லை. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் எட்டு நாளுக்கு ஒருமுறை வரும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. இப்போது கொஞ்சம் தேவலை என்கிறார் அம்மா. ஆனாலும் எங்கள் தொலைபேசிப் பேச்சுகளில் பாதி, “ஏட்டி, தண்ணி வந்துட்டு, வையி வையி” என்றுதான் முடியும். நான் பிரசவத்துக்கு நாள் குறித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுகூட அப்படித்தான் வைத்தார். எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. தண்ணீர் வந்தால் வைத்துத்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்டவரிடம், அம்மா, நான் தொண்ணூறு குடம் தண்ணீரைச் சுடவைத்து அதற்குள் உட்காரப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

2

தொட்டி அப்படியே செத்துக் கிடந்திருக்கும். ஜூலை கடைசியில் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. காப்பீட்டைப் புதுப்பிக்க, பின்புறத்தில் உள்ள தொட்டியின் நிலை என்ன என்று தெரிவிக்க வேண்டுமாம். படிவத்தில் இரண்டே கட்டங்கள். இயங்குகிறது, நிரந்தரமாக நீக்கப்பட்டது. எங்களுடையது இரண்டும் இல்லை. தொலைபேசியில் அழைத்தேன்.

“அது ஓடவில்லை, சும்மா நிற்கிறது” என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மறுமுனையில் பேசியது ஒரு பெண். “தொட்டி நிற்கத்தானே வேண்டும், மேடம்?” என்றாள்.

கடைசியில் விஷயம் இதுதான். மின் இணைப்பைத் துண்டித்ததாக மின்பணியாளரிடம் கடிதம் வாங்கித் தர வேண்டும். அல்லது தொட்டியை ஓடவைத்து, பூட்டுள்ள மூடி போட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். நானும் என் கணவரும் இரவுச் சாப்பாட்டில் பேசினோம். அவர் ஒரே வரியில் முடித்தார். “அறுத்து வெளிய போட்டுருவோம்.”

எங்கள் மகள் கயல் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

கயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆகஸ்டில் ஆறு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறமும் அவளுக்குத் தோல் தடித்துச் சிவந்துவிடும். குளிர்காலத்தில் வெடித்து ரத்தம் கசியும். கையில் களிம்பும் வாயில் “சொறியாத”வுமாகத்தான் நான் அவளை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, தன் பொம்மைக் கரடியைப் பார்த்து மட்டும் சுத்தமான நெல்லைச் சீமைத் தமிழில் “ஏட்டி, சொறியாத” என்கிறாள். அடுத்த அறையில் சத்தம் காட்டாமல் இருந்தால் நான் கேட்கும் முன்பே “சொறியல!” என்று குரல் வரும். அவளிடம் மிஞ்சியிருக்கும் தமிழில் இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேனோ என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு பள்ளியில் நீச்சலுக்கு அழைத்துப் போனார்கள். பொதுக் குளத்துத் தண்ணீரில் இறங்கிய அன்று இரவே கை இரண்டும் பழுத்த மிளகாய் போல ஆகிவிட்டன. அதன்பிறகு நீச்சல் நாட்களில் அவள் முழுக்கைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, தோழி ஹேலியின் துண்டை மடியில் வைத்துக் காத்திருப்பாள். தண்ணீரே ஆகாது என்று மருத்துவர் சொல்லவில்லை. மருந்தின் அளவு சரியாக இருக்கும் தண்ணீரில், அதிகச் சூடில்லாமல், பத்து நிமிடம் இருக்கலாம், பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் களிம்பு தடவுங்கள் என்றார். அளவு சரியாக இருக்கும் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

கயல் கேட்டாள். “அம்மா, டப் வாட்டர் இஸ் ஜஸ்ட் ஃபார் அஸ், ரைட்? ஸோ மை ஹேண்ட்ஸ் வில் பி ஓகே, ரைட்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மறுநாளே கோடை வகுப்பில் ஹேலியையும் இன்னொரு தோழி அமீனாவையும் பிறந்தநாளுக்கு அழைத்துவிட்டு வந்து நின்றாள். குளிக்கும் உடை கொண்டுவரச் சொல்லியாகிவிட்டதாம். மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை.

3

முதல் சனி ஞாயிறு சுத்தம் செய்வதிலேயே போனது. மூடியைத் திறந்தால் காய்ந்த இலை, செத்த குளவிகள், ஒரு தோட்டக் கையுறை. வடிகட்டிகளைக் கழற்றி ஊறப்போட்டோம். தொட்டியை ஒருமுறை நிரப்பி, குழாய்களுக்குள் இருக்கும் பழைய அழுக்கைக் கரைக்கும் மருந்தை ஊற்றி ஓடவிட வேண்டும், பிறகு அந்தத் தண்ணீரை முழுவதும் வெளியேற்ற வேண்டும் என்று குறிப்பேட்டில் இருந்தது. பழுப்பு நுரையும் கறுப்புச் செதில்களுமாக வந்ததைப் பார்த்தபோது அதை வெளியேற்றுவதில் எனக்கு மனத்தடை எதுவும் வரவில்லை. அது சாக்கடை. தண்ணீர்க் கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

இரண்டாவது முறை நிரப்பியபோதுதான் மனம் அடித்துக்கொண்டது. குழாயைப் போட்டுவிட்டு நான் அங்கேயே நின்றேன். நம் ஊரில் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஒரு மணி நேரம் ஓடியும் குழாயின் வேகம் குறையவே இல்லை. அது எனக்கு ஏதோ தப்பு நடப்பது போல இருந்தது.

மோட்டாரைப் போட்டோம். உறுமியது. தண்ணீர் அசையவில்லை. நான் குறிப்பேட்டின் பின்பக்கத்தைப் புரட்டத் தொடங்கினேன். என் கணவர் குளத்தூர்க்காரர். உப்பளத்து ஊர். அங்கே ஓடாத மோட்டாரைத் தட்டித் தடவி ஓடவைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டார்.

“புக்க மூடு சுதா. ஏர் பிடிச்சிருக்கு.”

“கனடா மோட்டாரும் ஏர் பிடிக்குமா?”

“மோட்டாருக்குப் பாஸ்போர்ட்டா பாக்க முடியும்?”

மோட்டாரை அணைத்து, இணைப்பு வளையத்தைக் கால் சுற்று தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று வெளியேறித் தண்ணீர் கசிந்தது. இறுக்கிவிட்டு மறுபடி போட்டார். தொட்டி முழுவதும் பொங்கிக் குதித்தது. கயல் கைதட்டினாள். எங்கள் இருவருக்கும் அன்று ஒரு மிதப்பு வந்துவிட்டது. ஊரில் தெரிந்துகொண்டது எதுவும் வீண்போகாது என்று நினைத்தேன். பின்னால் நடந்ததற்கு அந்த மிதப்புதான் காரணம்.

4

நான் வேதியியல் பட்டதாரி. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மூன்று ஆண்டுகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இங்கே வாரத்தில் மூன்று நாள் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். தொட்டி மருந்துகளை வாங்கிவந்து சமையல் மேடையில் வரிசையாக அடுக்கியபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகு என் படிப்பு என்னைத் தேடி வந்தது போல இருந்தது.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. சோதனைச் சீட்டு என்று மெல்லிய அட்டைகள் இருக்கின்றன. தண்ணீரில் நனைத்தால் நான்கு கட்டங்களில் நிறம் மாறும். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நம் ஆப்ப சோடாதான். அது நிலைத்தபின் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை ஏழரையை ஒட்டி நிறுத்த வேண்டும். கடைசியில் கிருமி கொல்லும் குளோரின். ஒன்றைப் போட்டால் சில மணி நேரம் சுற்றவிட்டு, அடுத்த நாள் பார்த்து, அதன்பிறகே மற்றது. இரண்டே வரியில் எழுதிவிட்டேன். என்னால் செய்ய முடியவில்லை.

காரணம், என்னால் அடுத்த நாள் வரை பொறுக்க முடியவில்லை. கட்டத்தின் நிறம் பச்சையா, மஞ்சள் கலந்த பச்சையா என்று ஜன்னலோரம் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை, குளியலறை விளக்கில் ஒருமுறை பார்ப்பேன். குறைவாகத் தெரிந்தால் சோடா. அரை மணியில் கூடிவிட்டது போல இருந்தால் அமிலத் தூள். அலுவலகத்தில் யாரோ பல் வலியோடு எதிரே நிற்கும்போது, காலையில் போட்டது இரண்டு கரண்டியா மூன்றா என்று மனம் ஓடும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் எனக்குக் கயலின் முழங்கை தெரிந்தது.

“குழம்புல உப்பு கூடிட்டுன்னு தண்ணி ஊத்துத, தண்ணி கூடிட்டுன்னு உப்பு போடுத” என்றார் என் கணவர். “இப்பம் அது குழம்பும் இல்ல, ரசமும் இல்ல.”

“பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?”

“எங்க ஊருக் கிணத்துத் தண்ணில பொங்குற சோத்துக்கு உப்பே போட வேண்டாம். அதுலதான் நான் குளிச்சேன். பாரு, தோலு எப்படி இருக்கு.”

“பாக்கத்தான் செய்யுதேன்” என்றேன்.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை மாலை, தொட்டித் தண்ணீர் பால் போல வெளுத்துவிட்டது. அடி தெரியவில்லை. கயல் எட்டிப் பார்த்தாள். அழைப்பு அட்டையில் நீலக் கலரில் தொட்டி வரைந்து கொடுத்திருந்தாள். நீலப் பென்சிலுக்குப் பதில் இப்போது வெள்ளை எடுக்க வேண்டுமோ என்று அவள் யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

ஒரு புட்டியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கிய கடைக்குப் போனேன். அங்கே ஷெரில் என்ற பெண்மணி இருக்கிறார். அறுபது வயது இருக்கும். யாருடைய தொட்டியில் என்ன கோளாறு என்று பெயரோடு நினைவு வைத்திருப்பவர். என் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதில் என்னவெல்லாம் போட்டாய்?”

சொன்னேன். பட்டியல் நீளமாக இருந்தது.

“கண்ணே, இந்தத் தண்ணீர் களைத்துப் போய்விட்டது. கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பு. இன்றே செய்தால் சனிக்கிழமைக்கு நேரம் இருக்கிறது.”

கொட்டு என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதே என்னால் அது முடியாது என்று தெரிந்துவிட்டது.

5

ஊரில் லாரித் தண்ணீர் கலங்கலாக வரும் நாட்கள் உண்டு. டிரம்மில் நிரப்பினால் கரிசல் மண்ணின் நிறத்தில் நிற்கும். அதை யாரும் கொட்டுவதில்லை. அம்மா ஒரு படிகாரக் கட்டியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து டிரம்மின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை எடுத்துத் தண்ணீருக்குள் நாலு சுற்றுச் சுற்றி, மூடி போட்டுவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் டிரம்மின் அடி வரை தெரியும். மண்ணெல்லாம் கீழே ஒரு விரற்கடை படிந்திருக்கும். அலுங்காமல் மேல் தண்ணீரை மொண்டுகொள்வோம். கல்லூரியில் பிறகு இதற்குக் காரணமும் படித்தேன். அழுக்குத் துகள்களை ஒன்றாகத் திரட்டிக் கனமாக்கி, அடியில் படியவைக்கிறது படிகாரம். அம்மா செய்ததும் பாடப்புத்தகம் சொன்னதும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான் என்று அந்தப் பாடத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இந்தியக் கடைக்குப் போய்ப் படிகாரம் வாங்கினேன். என் கணவரின் பழைய வேட்டி ஒன்றில் கிழித்த துணியில் முடிந்தேன். மோட்டாரை அணைத்துவிட்டு, படியில் மண்டியிட்டு, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீரைக் கலக்கினேன். மூடியைப் போட்டேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை ஏழரை மணிக்கு மூடியைத் தூக்கினேன். கண்ணாடி! அடியில் இருக்கும் திருகாணி வரை தெரிந்தது. தரையில் மட்டும் வெள்ளையாக, இட்லி மாவு கொட்டியது போல ஒரு படலம். “என்னங்க, ஓடியாங்க!” என்று கத்தினேன். அவரும் கயலும் வந்தார்கள். கயல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தாள். “அம்மா, யூ ஃபிக்ஸ்ட் இட்!” என்றாள். அம்மாவின் டிரம்மும் என் பட்டமும் சேர்ந்து ஜெயித்துவிட்டன என்று ஒரு அரைமணி நேரம் இருந்தேன். மேல் தண்ணீரை விட்டுவிட்டு அடியில் இருப்பதை மட்டும் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம், நாலு குடம்தான் போகும் என்று கணக்கும் போட்டுவிட்டேன்.

குழாய் எடுக்க வீட்டுக்குள் போனேன். மணி எட்டு. பின்னாலிருந்து உறுமல் கேட்டது.

தினமும் காலை எட்டு மணிக்கு வடிகட்டும் மோட்டார் தானாக ஓடும்படி வைத்ததே நான்தான். ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் அடியில் இருந்ததெல்லாம் கிளம்பி மேலே வந்துவிட்டது. பிறகு உறுமல் மெலிந்தது. வடிகட்டி இரண்டும் வெண்ணெய் அப்பியது போல அடைத்துக்கொண்டன. தொட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்று ஆங்கில எழுத்துகள் சிவப்பாக மின்னி மின்னி அணைந்தன. குறிப்பேட்டில் பார்த்தேன். தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

அம்மாவின் டிரம்மில் தண்ணீர் நிற்கும். இது நிற்காத தண்ணீர். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை. கயல் இன்னும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இட்ஸ் ஓகே அம்மா” என்றாள். அவள் தைரியம் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

6

மதியம் ஷெரிலிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“என்ன போட்டாய்? படிகாரமா?” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “என் அம்மா வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குப் போடுவாளே, மொறுமொறுவென்று இருக்க, அதுவா?”

ஆமாம் என்றேன்.

“அப்படியானால் நீ உன் தொட்டியை ஊறுகாய் போட்டிருக்கிறாய்.”

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் நேற்றே கொட்டவில்லை என்று கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீர் எப்படி வரும் என்று சொல்ல முயன்றேன். என் ஆங்கிலத்தில் அது நாலு வரிக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தன் தாத்தா காலத்தில் இங்கேயும் கிணறு வற்றிப் போய் வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார். பிறகு புது வடிகட்டி இரண்டை எடுத்து வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். காரத்தன்மை, இவ்வளவு. அடுத்தது, இவ்வளவு. குளோரின், இவ்வளவு. கீழே கோடு போட்டு, “கையைக் கட்டிக்கொண்டு இரு” என்று எழுதியிருந்தார்.

மாலையில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். குளோரின் எப்போதோ தீர்ந்து, சோதனை அட்டையில் அதன் கட்டம் வெளுத்துத்தான் இருந்தது. அதனால் மண்ணில் விடலாம். என் கணவர் குழாயின் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் வீட்டுச் சுவரோரம் போட்டார்.

ரெஜைனா மண்ணும் கரிசல்தான். மழை பெய்தால் செருப்பை விடாது. கோடையில் வெடித்துப் பிளக்கும். அந்த ஆகஸ்டில் மழையே இல்லை. மண் சுருங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விழுந்திருந்தது. இப்படி விட்டால் அஸ்திவாரம் அசைந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சுவரோரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள்தான் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

“வீட்டுக்குத்தானே ஊத்துதோம்” என்றார் அவர். “வீணாப் போவல. பாரு.”

தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். முதல் மழையில் விளாத்திகுளம் சாலையோரக் கரிசல் காடுகள் குடிக்கும் சத்தம். ஆனாலும் சமையலறையிலிருந்த வாளி, பாத்திரம், கயலின் மணல் விளையாட்டுச் சட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். “அத எதுக்குப் பிடிக்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வெறும் பாத்திரம் பக்கத்தில் இருக்க, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

“அம்மா, ஆர் யூ க்ரையிங்?” என்று கயல் கேட்டாள்.

“இல்ல” என்றேன். அவள் “சொறியல” என்று சொல்லும் அதே குரலில்.

மறுபடி நிரப்பினோம். வெள்ளிக்கிழமை முழுவதும் சூடேறியது. சீட்டில் எழுதியதை மட்டும் போட்டேன். சோதனை அட்டைப் பெட்டியை என் கணவர் வாங்கித் தன் வண்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

7

சனிக்கிழமை காலை ஏழு மணி. என் கணவர் அட்டைப் பெட்டியைத் திரும்பத் தந்தார். ஒரே ஒரு அட்டை நனைத்தேன். நான்கு கட்டமும் இருக்க வேண்டிய நிறத்தில் இருந்தன. தொட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி முப்பத்தைந்து டிகிரி காட்டியது. குழந்தைகளுக்கு அதற்குமேல் வேண்டாம். தண்ணீர் அடி வரை தெரிந்தது. எல்லாம் சரி. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. வியாழக்கிழமையும் கண்ணாடியாகத்தானே இருந்தது?

குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையை நனைத்துப் பார்ப்போம் அல்லவா? நான் நனைத்தேன். போதவில்லை. ஒரு பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து, நானே உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அரிப்பு வந்தால் எனக்கு முதலில் வரட்டும். இருபது நிமிடம் பார்ப்பது என்று முடிவு. மூன்று வாரம் இந்தத் தண்ணீரோடு கிடந்தும் நான் அதற்குள் இறங்கியது அதுவே முதல் முறை. தோள் வரை சூடு ஏறியது. எதிரே ஆப்பிள் மரம் நின்றது. எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

விளிம்பில் வைத்திருந்த கைப்பேசி அடித்தது. அம்மா. சனிக்கிழமை காலை எங்கள் வழக்கமான நேரம். ஊரில் அப்போது மாலை ஏழு. பேத்திக்கு வாழ்த்துச் சொல்ல அழைக்கிறார். எடுக்காமல் இருந்தால் பதறுவார். எடுத்தேன்.

“ஏட்டி சுதா, எங்க இருக்க? என்ன ஆவியா பறக்கு? அடுப்புல என்னத்த வச்சிருக்க?”

“என்னையத்தாம்மா வச்சிருக்கேன்.”

இனி மறைக்க ஒன்றுமில்லை. கைப்பேசியைச் சுற்றிக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். காப்பீட்டுக் கடிதம், கயல் பெஞ்சில் உட்கார்ந்தது, தண்ணீர் வெளுத்தது, எல்லாம். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எத்தனை குடம் பிடிக்கும்?”

“தொண்ணூறு.”

“ஒருதரம் விட்டுட்டு மறுதரமும் ரொப்புனியோ?”

“மூணு தரம் ஆச்சும்மா. படிகாரம் போட்டேன். தெளிஞ்சுது. பெறகு மோட்டார் ஓடிக் கலக்கிட்டு.”

“ஏ கூறுகெட்டவளே!” அம்மாவின் முகம் திரை முழுவதும் வந்தது. “படிகாரம் போட்டா அலுங்காம வைக்கணும்னு தெரியாது? மோட்டார எதுக்குட்டி போட்ட?”

“நான் போடலம்மா. அதுவா ஓடிச்சு.”

“அதுவா ஓடுற மோட்டாரை வீட்ல வச்சுக்கிட்டு அதுல போய்ப் படிகாரம் போட்டாளாம். பி.எஸ்.சி.!” பின்னாலிருந்து அப்பா ஏதோ சொல்வது கேட்டது. “உங்கப்பா சொல்லுதாக, அந்தப் பச்சைக் கட்டில் இதானாம்.”

நான் சிரிக்கவில்லை. “தொண்ணூறு குடம்மா” என்றேன். “உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்துட்டேன்.”

அம்மா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தாழ்வாரமும், மூடி போட்டு வரிசையாக நிற்கும் நீல டிரம்களும் தெரிந்தன.

“நீ அங்கன பிடிக்கலன்னா எனக்கு இங்கன கூட ரெண்டு குடமா வந்துரப் போவுது?” என்றார். “பிள்ளைக்குக் கை எரியாதுல்லா? அதச் சொல்லு.”

“எரியாதுன்னுதான் நெனைக்கேன். அதுக்குத்தான் நான் மொதல்ல உக்காந்து பாக்கேன்.”

“எம்புட்டு நேரமா உக்காந்திருக்க?”

“பதினஞ்சு நிமிஷம்.”

“ஒனக்கு அரிக்கா?”

“இல்லம்மா.”

“பெறகென்னட்டி?”

பின்கதவு திறந்தது. கயல் ஏற்கெனவே குளிக்கும் உடையில் நின்றாள். கையில்லாத உடை. தோழிகள் வர இன்னும் ஆறரை மணி நேரம் இருக்கிறது. “அம்மா” என்றாள். “தண்ணி ரெடியா?”

தமிழில் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது நான் கைப்பேசியைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக அதை என் அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, தண்ணி ரெடியாயிட்டு. வைக்கேன்.”

“வையி வையி” என்றார் அம்மா. “மொதல்ல அதப் பாரு.” பேத்தியை வாழ்த்த அழைத்தவர் வாழ்த்தாமலே வைத்துவிட்டார்.

தோழிகள் இரண்டு மணிக்கு வந்தார்கள். மூவரும் பத்து நிமிடம் இருந்தார்கள், நான் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன். பிறகு வெளியே வந்து கேக் தின்று, கெஞ்சி, இன்னொரு பத்து நிமிடம் இறங்கினார்கள். ஹேலி கயலின் முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு விளையாட்டுக்குத் திரும்பினாள். நீர் பீய்ச்சும் துளையை யார் அதிக நேரம் கையால் அடைப்பது என்பதில்தான் மூவருக்கும் சண்டை. கயல் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதில்லை.

எல்லோரும் போனபின் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். களிம்பு தடவினேன். அரை மணி கழித்து மறுபடி பார்க்கப் போனால், வரவேற்பறைச் சோபாவில் கரடியைக் கட்டிக்கொண்டு தூங்கிப் போயிருந்தாள்.

மாலை ஏழு மணிக்கு அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. தாழ்வாரத்தில் டிரம், குடம், அண்டா, சருவம், குழம்புச் சட்டி வரை தளும்பத் தளும்ப நின்றன. தரை நனைந்திருந்தது. கீழே எழுதியிருந்தார்.

“இங்கயும் வந்துட்டு. பிள்ளை கை எப்படி இருக்கு?”

தூங்குகிறவளின் கையை மெதுவாக விரித்து, முழங்கை மடிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன்.